கைக்குள் வந்த கம்பெனி இரும்பு

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை என் கையே காட்டிக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். இப்போது இடது கையால் எழுதுவதால் இன்னும் மெதுவாக வருகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. என்னோடு வேலைக்கு வந்த பெண்கள், "நடந்தத ஒரு நோட்ல எழுதி வையிக்கா, நாளிக்கு எங்களுக்கும் ஆவும்" என்றார்கள். ஆகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் தேசம்மாள். வயது அறுபத்திரண்டு. கும்மிடிப்பூண்டியில், இரும்பைக் கடைந்து வண்டிச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் பெருக்கினேன். மெஷின் இரும்பைச் சீவும்போது சீவல் விழும். சிலது தலைமுடி மாதிரி சுருண்டு விழும், சிலது உப்புக்கல் மாதிரி பொடியாக விழும். அதைக் கூட்டி அள்ளி, ஓடுகிற பெல்ட்டில் போடுவோம். பெல்ட் அதைத் தொட்டிக்குக் கொண்டுபோகும். சீவல்தானே என்று நினைக்கக் கூடாது, அதை எடைக்கு விற்கிறார்கள். அதனால் சாயங்காலம் வெளியே போகும்போது கேட்டில் வாட்ச்மேன் எங்கள் பையையும் சோற்று டப்பாவையும் திறந்து பார்ப்பார். மற்ற பெண்கள் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்கமாட்டேன். நானே முதலில் போய்ப் பையைத் திறந்து நீட்டுவேன். ஒன்பது வருஷத்தில் ஒரு துணுக்கு இரும்பு என் பையில் போனதில்லை. அது எனக்குப் பெருமை.

அன்று காலை பத்து மணி இருக்கும். பெல்ட்டில் சீவல் சிக்கிக் கட்டியாக நின்றது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நிறுத்தினால் திட்டுவார்கள், இழுத்தால் வந்துவிடும். இழுத்தேன். கையுறையைப் பெல்ட் பிடித்தது. உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் என் வலது கை போனது. என் மருமகள் செல்வியும் அங்கேதான் பெருக்குகிறாள். அவள் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். எல்லாம் நின்றது. எனக்கு வலியே இல்லை. என்ன இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வலி பிறகு வந்தது.

மேஸ்திரி கஜேந்திரன் எங்கள் தெருக்காரன். எங்கள் பதினைந்து பெண்களையும் வேனில் ஏற்றிக் கம்பெனிக்கு விடுவது, சம்பளம் வாங்கித் தருவது எல்லாம் அவன்தான். என்னை ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியில் மெல்லச் சொன்னான்.

"பெரிம்மா, டாக்டர் கேட்டா ஊட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு."

"ஏன்டா?"

"கம்பெனில ஆச்சுன்னா கேசு, இன்ஸ்பெக்டருன்னு பேஜாரா பூடும். என் காண்ட்ராக்ட்ட புடுங்கிக்குவாங்க. அப்பறம் நம்ம தெரு பொம்பளைங்க அத்தினி பேரும் ஊட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். டப்பு நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத."

என் ஒரு கையால் பதினாலு வீட்டு அடுப்பு அணையக் கூடாது என்று நினைத்தேன். அந்தப் பதினாலில் செல்வியும் ஒருத்தி. கேட்டவர்களிடம் கிரைண்டர் என்று சொன்னேன். துடைத்து, தையல் போட்டு, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஆள்காட்டி விரல் சுட்ட கத்தரிக்காய் மாதிரி கறுத்துப் போனது. கட்டைப் பிரித்தால் நாற்றம். கஜேந்திரன் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாளு போவட்டும் பெரிம்மா, வத்திடும்" என்றான். அவன் போன பிறகு செல்வி பீரோவைத் திறந்து, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக்குள் நான் வைத்திருந்த, கம்பெனியில் கொடுத்த ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அட்டையை எடுத்தாள்.

"அத்தே, இன்னும் அந்தாளு மூஞ்சியப் பாத்துக்கினு குந்தியிருந்தா கையே பூடும். கெளம்பு."

கரண்ட் ரயிலில் பட்டணம் போனோம். கையைத் தொங்கவிட்டால் உயிர் போனது. என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலை செய்து முட்டி தேய்ந்தவர். நிற்கவே முடியாது. அவர் என் எதிரில் நின்றுகொண்டு, நிறைந்த பால் சொம்பைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி என் கையை வழி முழுக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன். "நீ சும்மா இரு மே" என்றார்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஒரு வரிசை, பேர் பதிய ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. எல்லா வரிசையிலும் என்னைப்போல வேலைக்குப் போகிறவர்கள்தான். அவரவர் கம்பெனி சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். காயம் எப்படி ஆனது என்று கேட்டார்கள். கிரைண்டர் என்று மறுபடியும் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு எக்ஸ்ரே. பயந்தவர்களுக்குச் சொல்கிறேன், அது வலிக்காது. மேசைமேல் கையை வைக்கச் சொல்லிவிட்டு, படம் எடுக்கிற பெண் மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். டாக்டரம்மா அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். செல்வியைவிடச் சின்ன வயது அவருக்கு.

நான் வாய் பிளந்து பார்த்தேன். என் எலும்பு. பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிற எலும்பு, களை பிடுங்கின எலும்பு, பிள்ளையைத் தூக்கின எலும்பு, அன்றுதான் அதன் முகத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு கணுவும் பூட்டுப் போட்டதுபோல அடுத்ததில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நுணுக்கமான ஒன்றை வைத்துக்கொண்டா நான் குப்பை அள்ளினேன் என்று இருந்தது. ஆள்காட்டி விரலில் மட்டும் அது நொறுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக, மாவில் சலிக்காமல் விட்ட கல் மாதிரி சில புள்ளிகள். ஒன்று சுருண்டிருந்தது.

டாக்டரம்மா அந்தச் சுருளைத் தொட்டுக் காட்டினார். "என்னம்மா, உங்க வீட்டு கிரைண்டர்ல மாவு அரைக்கிறீங்களா, இரும்பு அரைக்கிறீங்களா?"

நான் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. "முதல்ல கையைப் பார்ப்போம்" என்றார்.

மறுநாள் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுக்கவில்லை. அக்குளில் ஒரு ஊசி போட்டார்கள். கைக்குப் போகிற நரம்பை மட்டும் தூங்க வைக்கிற ஊசியாம். கொஞ்ச நேரத்தில் என் கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி பக்கத்தில் கிடந்தது. நடுவில் துணி கட்டி மறைத்துவிட்டார்கள். ஆனால் காது கேட்டது. செத்த சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்கிறோம், நல்ல சதை தெரிகிறவரை எடுத்தால்தான் சீழ் மேலே ஏறாது என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே செய்தார். எவர்சில்வர் தட்டில் டிங் என்று ஒரு சத்தம். சிறிது நேரம் கழித்து இன்னொன்று. ஏழு முறை எண்ணினேன். கம்பெனியில் நாள் முழுக்கக் கேட்ட சத்தம்தான் அது. என் உடம்புக்குள்ளிருந்து அது வரும் என்று யார் நினைத்தார்கள்? ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற நான்கு விரலும் தப்பின.

"அந்த இரும்ப என்னாண்ட குடுங்கம்மா" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கழுவி, ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்.

வார்டில் பக்கத்துக் கட்டில் ஸ்டெல்லா. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறவள். தோளில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள். அவள்தான் எனக்கு எல்லாம் விளங்க வைத்தாள். யார் எப்போது பணம் கேட்பார்களோ என்று நான் ஒவ்வொரு நர்ஸையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

"யாரும் கேக்க மாட்டாங்கக்கா. உன் சம்பளத்துல மாசாமாசம் புடிச்சாங்களே, அதான் இது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பிடித்தத்துக்காக நான் கஜேந்திரனோடு சண்டை போடாத மாசம் இல்லை. அவன் தின்கிறான் என்றே நினைத்திருந்தேன். நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய் என்னிடம் பிடித்தால், அதைப்போல நாலு மடங்குக்குமேல் முதலாளி பக்கத்திலிருந்து போடுகிறார்களாம். இந்தக் கட்டில், இந்த ஊசி, அந்த டாக்டரம்மா, எல்லாவற்றிலும் என் துடைப்பத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. நான் இனாமாக யாரிடமும் ஒரு வாய் நீர் வாங்கிக் குடித்தவள் இல்லை. இது இனாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன்.

நடந்ததை நான் சொன்னதும் ஸ்டெல்லா இன்னொன்றும் சொன்னாள். காயம் எங்கே பட்டாலும் வைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் வேலையில் பட்ட காயம் என்றால் கணக்கே வேறு. வேலைக்குப் போகமுடியாத நாளெல்லாம் சம்பளத்தில் பெரும்பங்கு, நூற்றுக்குத் தொண்ணூறு வீதம், கிடைக்கும். விரல் போனது போனதுதான் என்றால், அதனால் உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று டாக்டர்கள் கூடிச் சொல்வார்கள். அதற்கு ஏற்ப உயிரோடு இருக்கிறவரை மாசாமாசம் வரும். மேஸ்திரியிடம் வேலை செய்தாலும் உண்டு, பெருக்கினாலும் உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் வேறு ஒரு சட்டம் இருக்கிறதாம். அவள் அண்ணன் சாரத்திலிருந்து விழுந்தபோது, தொழிலாளர் ஆபீசில் மனு போட்டு இழப்பீடு வாங்கினார்களாம்.

"ஆனா நீ கிரைண்டர்னு சொல்லி எழுத வெச்சிக்கிறியே" என்றாள். "ஊட்ல ஆனதுக்கு அதெல்லாம் வராதுக்கா."

பணம் வராதது ஒரு பக்கம். என்னைக் குடைந்தது வேறு. தலையணைக்குப் பக்கத்தில் அந்த பாட்டில் இருந்தது. காயம் வீட்டில்தான் ஆனது என்றால், கம்பெனி இரும்பு ஏழு துண்டு என் வீட்டுக்கு எப்படி வந்தது? நான் எடுத்து வந்தால்தானே வரும்? கஜேந்திரனின் மானத்தைக் காப்பாற்றப்போய், ஒன்பது வருஷம் கேட்டில் பையைத் திறந்து காட்டியவள், என் வாயாலேயே என்னை இரும்புத் திருடி ஆக்கிவிட்டேன். இதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் தினமும் பார்வை நேரத்துக்கு வருவார். ஒரு நாள் என் தலையைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து சீப்பை எடுத்து, வராந்தாவில் என்னை உட்காரவைத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். சுவர் பூசுகிற கை. இழுத்த இழுப்பில் கண்ணீர் வந்தது. வார்டே எட்டிப் பார்த்தது.

ஸ்டெல்லா, "இன்னா மாமா, பூவும் வெச்சி உடுவியா?" என்றாள்.

"மொத சிக்கு போவட்டும்மா. பூச்சு வேல அப்பறம்" என்றார் அவர். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போகவும் மனசு வரவில்லை.

பத்தாம் நாள் சாத்துக்குடியோடு கஜேந்திரன் வந்தான். செல்வியும் அப்போது இருந்தாள்.

"எப்பிடிக் கீற பெரிம்மா?"

"நான் கீறேன். விரலுதான் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பாட்டிலை எடுத்து ஆட்டிக் காட்டினேன்.

"கஜா, ஒன்போது வருஷத்துல என் பையில ஒரு ஆணி இருந்துக்குதா?"

"சேச்சே, உன்னப் போயி யாராவது..."

"ஊட்ல ஆச்சுன்னா இது எப்பிடிடா ஊட்டுக்கு வந்துச்சு?"

"அத்த யாரு பெரிம்மா கேக்கப் போறாங்க?"

"டாக்டரம்மா கேட்டாங்க. பதில் சொல்ல வாய் வரல. இப்ப சொல்லப் போறேன்."

"பதினாலு பேரு பொழப்ப நெனச்சிப் பாத்தியா?"

"அத நெனச்சித்தான்டா மொத நாளு பொய் சொன்னேன்."

செல்வி குறுக்கிட்டாள். "அந்தப் பதினாலுல நானும் ஒருத்திதான். நாளிக்கு என் விரலு போனா நானும் கிரைண்டர்னுதான் சொல்லணுமா? எங்க ஊட்ல கிரைண்டரே கெடயாது, மிக்சிதான் கீது."

ஸ்டெல்லா சுவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கஜேந்திரனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான். சாத்துக்குடியை விட்டுவிட்டுத்தான் போனான்.

அன்றே டாக்டரம்மாவிடம், நான் பொய் சொன்னேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து கேட்டார். முன்பு எழுதியதை அடிக்க முடியாது, அதன் கீழே இதை எழுதுகிறேன் என்றார். இரும்புத் துண்டு எடுத்ததையும் எழுதினார். கைநாட்டு வைக்க மையை நீட்டினார்கள். எனக்கு எழுத வரும் என்று சொல்லி, இடது கையால் தேசம்மாள் என்று எழுதினேன். எழுத்து வயலில் நண்டு நடந்த மாதிரி இருந்தது. இருக்கட்டும்.

வேலையில் ஒருவருக்கு அடிபட்டால் கம்பெனியிலிருந்து உடனே விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். எனக்கு அது போகவே இல்லை. டாக்டரம்மா எழுதியதைப் பார்த்து ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து கம்பெனியைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த வாரம் வேன் எங்கள் தெருவுக்கு வரவில்லை. பெண்கள் குழாயடியில் நின்றுகொண்டு என் வீட்டைப் பார்த்தார்கள். ஒருத்தியும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அந்த ஒரு வாரம், ஊசி போட்ட நாட்களைவிடக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை வேன் வந்தது. கஜேந்திரன் இறங்கி வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்தான். விபத்து அறிக்கை. அடிபட்டதுகூடப் பெரிய தப்பு இல்லை, மறைத்ததுதான் பெரிய தப்பு என்று கம்பெனி ஆபீசில் அவனை உட்காரவைத்துச் சொன்னார்களாம். "கொஞ்சம் ஏச்சுப் பேச்சு வாங்கினேன் பெரிம்மா" என்றான். காண்ட்ராக்ட் போகவில்லை. பிறகு ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தபோது, செல்வி தான் சிவப்புப் பொத்தானை அடித்ததைச் சொன்னாள். மற்ற பெண்களும் ஒருத்தி பாக்கி இல்லாமல் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று அந்த உருளைக்கு மேல் கம்பி வலை போட்டிருக்கிறார்கள்.

காயம் ஆறின பிறகு விரல்களை மடக்கப் பழக்கினார்கள். உருகின மெழுகில் கையை முக்கி எடுக்கச் சொல்வார்கள், இளஞ்சூடாக இருக்கும். மெழுகு காய்ந்ததும் உரித்தால் என் கை மாதிரியே ஒன்று தனியாக வரும், நான்கரை விரலோடு. ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலைக்குப் போகாத நாட்களுக்கு உரிய பணம் என் பாங்கு புத்தகத்துக்கே வந்துவிட்டது. நான் யார் வாசலிலும் நிற்கவில்லை.

கடைசியாக மெடிக்கல் போர்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். டாக்டர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து, ஆறின காயத்தைப் பார்த்து, எவ்வளவு நஷ்டம் என்று முடிவு செய்வது. மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் என் கையைப் பார்த்தார்கள். விரலை மடக்கச் சொன்னார்கள், ஸ்கேல் வைத்து அளந்தார்கள், மேசையிலிருந்து ஒரு காசை எடுக்கச் சொன்னார்கள். அது வழுக்கி வழுக்கி ஓடியது. மூன்று பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"இந்த விரல் இல்லாததால என்ன செய்ய முடியலம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஊசியில நூல் கோக்க முடியல. உப்பு அள்ளினா அளவு தெரியல. தொடப்பம் சுத்திக்கினு போவுது, நிக்க மாட்டேங்குது."

துடைப்பம் என்றதை அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் அசந்துபோனேன். இத்தனை வருஷம் நான் பெருக்கியதை யாரும் நின்று பார்த்தது இல்லை. இங்கே படித்தவர்கள் மூன்று பேர், என் துடைப்பம் சுற்றிக்கொண்டு போவதைக் காகிதத்தில் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு மதிப்புப் போட்டு, நான் சாகிறவரை தருகிறேன் என்கிறது ஒரு சட்டம். யாரோ, எங்கேயோ, என்னைப் பார்க்காமலேயே என் விரலை யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். வருகிற தொகை பெரிது இல்லை. ஆனால் கடிதம் என் பெயருக்கு வந்தது. இரண்டு நாள் எழுத்துக் கூட்டி நானே படித்தேன்.

பெருக்குகிற வேலைக்கு இனி போக முடியாது. கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்க, போன மாசம் என் வீட்டுக்காரரோடு கம்பெனிக்குப் போனேன். கேட்டில் அதே வாட்ச்மேன். பாஸைக் கொடுத்தேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"கம்பெனி இரும்பு. ஏழு துண்டு. அன்னிக்குச் சொல்லாம எடுத்துக்கினு பூட்டேன். நோட்ல எழுதிக்கோ."

அவர் என் கையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் பிரித்து, இரும்புச் சீவல், ஏழு, தேசம்மாள் திருப்பிக் கொடுத்தது என்று எழுதினார். நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவையைவிட நன்றாக வந்தது.

திரும்பி நடந்தவள் நின்று, பையைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"உன்னுத எதுக்கும்மா பாக்கணும்? போம்மா" என்றார்.

"பாத்துட்டுத்தான் அனுப்பணும். பாரு" என்றேன்.

அவர் எழுந்து நின்று, பைக்குள் கையை விட்டு, அடிவரை பார்த்தார். ஒரு சீப்பு, தண்ணீர் பாட்டில், அந்தக் கடிதம். "செரி, போ" என்றார். நான் வெளியே வந்தேன்.